பெண்கள் பக்கத்துக் கமரா

எங்கள் ஊர்க் கலியாண வீடியோக்கள் எல்லாம் ஓர் இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். மாப்பிள்ளையை வாகனத்திலிருந்து இறக்குவார்கள், பந்தலுக்குள் கூட்டி வருவார்கள், நிக்காஹ் நடக்கும், சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி இருந்து ஆண்கள் சாப்பிடுவார்கள். பிறகு மாப்பிள்ளை பெண்கள் பக்கத்துக்கு எழுந்து போவார். ஒரு திரைச்சீலை அசையும். அதோடு சரி. அடுத்த காட்சியில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். வீடியோ எடுப்பவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதால் திரைக்கு அங்கால் அவர்கள் போவதில்லை. என்னுடைய கலியாண வீடியோவும் அப்படித்தான். முழுவதையும் பார்த்தாலும் அதில் நான் இல்லை.

இது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே கிடையாது, ஓர் அக்கா கமராவோடு வந்து சேரும்வரை.

நாட்டில் சண்டை முடிந்து அடுத்த வருஷம் அது. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுத்த ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் நான் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு இன்னும் இரண்டு வயது ஆகியிருக்கவில்லை. உம்மா அவளைப் பார்த்துக்கொண்டார். அப்படியிருந்தும் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்த நிமிடத்திலிருந்து, கேஸ் அடுப்பை மூடினேனா, பின் கதவைப் பூட்டினேனா, கிணற்றடி வாளியில் தண்ணீர் கிடந்ததே, பிள்ளை போய் எட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று மனம் வீட்டுக்குத் திரும்பி ஓடும். உம்மா வீட்டில்தான் இருக்கிறார் என்பது மனத்துக்குத் தெரியும். தெரிந்தும் ஓடும்.

அலுவலகம் கட்டிக் கொடுத்த வீடுகளைப் பற்றி ஒரு படம் எடுக்க அந்த அக்காவை அழைத்திருந்தார்கள். பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவில் பிறந்தவர். கொழும்பில் தொலைக்காட்சிக்கும் விளம்பரங்களுக்கும் கமரா பிடித்தே பாதி வயதைக் கழித்தவர். முடியைக் கட்டையாக வெட்டி, கை மடித்த சேர்ட் போட்டு, பையைக் குறுக்காகத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். முஸ்லிம் வீடுகளுக்குள் போகும்போது கூட வர ஒரு பெண் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். கதவைத் தட்டி ஸலாம் சொல்லி, வந்த காரியத்தை விளக்குவது என் வேலை. அவ்வளவுதான் என் வேலை என்று நான் நினைத்திருந்தேன்.

முதல் வீட்டில் ஒரு பெண் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார். யன்னல் ஒரு பக்கம். மறுபக்கக் கன்னம் இருட்டாகக் கிடந்தது. அக்கா ஒரு ரெஜிபோம் பலகையை என் கையில் தந்தார். புது டிவி வாங்கும்போது பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளைப் பலகை.

"இதப் புடிச்சுக்கொண்டு அந்தப் பக்கம் நில்லு தங்கச்சி. கொஞ்சம் கீழ. இன்னும் கொஞ்சம். இப்ப சரி, அசையாத."

யன்னல் வெளிச்சம் பலகையில் பட்டு அந்தப் பெண்ணின் இருண்ட கன்னத்தில் ஏறியது. கண்ணுக்குள் ஒரு சின்னப் புள்ளி பளிச்சென்றது. நான் கையை ஓரங்குலம் திருப்பினேன், புள்ளி போனது. மறுபடி திருப்பினேன், வந்தது. என் கை செய்த வேலை இன்னொருவர் முகத்தில் தெரிந்தது. அந்தப் பெண் என்ன கதைத்தார் என்று எனக்கு இப்போது ஒரு சொல்கூட ஞாபகம் இல்லை. அந்தப் புள்ளி மட்டும் ஞாபகம் இருக்கிறது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, சோற்றுப் பானை மூடியை எடுத்துப் பிள்ளையின் முகத்துக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தேன். உம்மா பார்த்துவிட்டு, "என்னகா, புள்ளைக்குக் காத்துக் கறுப்பு கீது அடிச்சிரிக்கா" என்று கேட்டார்.

நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். அக்காவுக்குக் கேள்விகள் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அதுவரைக்கும் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டபின், கேட்டிருக்கக் கூடாதோ என்று இரவு முழுக்க யோசிப்பேன். ஒரு நாள் அவர் பையிலிருந்து சின்னக் கமரா ஒன்றை எடுத்துத் தந்தார். பார்த்தால் போட்டோ கமரா. ஆனால் படமும் எடுக்கும். அப்போதுதான் அந்த வகைக் கமராக்கள் வர ஆரம்பித்திருந்தன. பெரிய கமராக்கள் செய்கிற வேலையை உள்ளங்கைக்குள் செய்கிற பொருள் என்று அக்காவே புதுச் சைக்கிள் கிடைத்த பிள்ளைபோலச் சந்தோஷப்பட்டார்.

"வெயிலுக்குள்ள கண்ணச் சுருக்குவாய்தானே, அதத்தான் லென்சும் செய்யுது. சுருக்கினா எல்லாம் தெளிவு. விரிச்சா ஒராள் மட்டும் தெளிவு, பின்னால உள்ளதெல்லாம் கரையும். யாரக் கரைக்கிற, யார வெச்சிருக்கிற எண்டு நீதான் சொல்ல வேணும்."

"பிழையா சொல்லிட்டா அக்கா?"

"பிழையாச் சொல்லு. பிறகு பாப்பம்."

பிழையாகச் சொல்லு என்று என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

கமராவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகச் சொன்னார். அடுத்த நாள் பிள்ளையின் மெல்லிய துணிகள் நான்கைந்தைக் கொண்டுபோய், கமராவை அவற்றில் சுற்றிப் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு சோதனைச் சாவடி மட்டும் மிச்சமிருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் அந்தப் பையைத் திறந்து காட்டவே எனக்குக் கைகால் ஓடியிருக்காது. ஆமிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, குழந்தைத் துணி என்று நினைத்துக் கையை அசைத்துப் போகச் சொன்னார்.

கடற்காற்றில் உப்பு இருக்கிறது, மணல் இருக்கிறது, பிள்ளையின் கையில் எப்போதும் வாழைப்பழம் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் பழகினேன். மகள் வாசலிலிருந்து என்னை நோக்கி ஓடி வருவாள். அவள் வர வர லென்ஸ் வளையத்தைத் திருப்பி முகம் கலங்காமல் வைத்திருக்க வேண்டும். முதல் நாள் ஒரு தடவையும் சரிவரவில்லை. சுவர் தெளிவு, கோழி தெளிவு, பிள்ளை புகை. சில நாட்கள் கழித்து ஒரு தடவை, வாசற்படியிலிருந்து என் மடி வரைக்கும் அவள் முகம் கண்ணாடிபோல வந்து சேர்ந்தது. இமை மயிர்கூடத் தெரிந்தது. நான் கமராவைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிச் சுற்றினேன். வேலை முடிந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த இவர், என் வீட்டுக்காரர், "என்ன, சம்பளம் கூட்டிட்டாங்களா" என்றார்.

அந்த மாதக் கடைசியில்தான் கலியாண வீடு வந்தது.

எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்த ஒரு தாய். சாச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். முதலில் கடற்கரையோரம் இருந்தவர்கள். கடல் வந்த நாளில் வீடும் போய், வீட்டுக்காரரும் போய், முகாமில் கிடந்து, பிறகு இந்தப் பக்கம் வீடு கிடைத்து வந்தார்கள். ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அவருடைய கலியாணப் படம், பிள்ளையின் சின்ன வயதுப் படம், எதுவும் இல்லை. இப்போது அந்த வீட்டில் மகளுக்குக் கலியாணம். நான் கமராவோடு திரிவதைக் கேள்விப்பட்டு அலுவலகத்துக்கு எங்களைத் தேடி வந்திருந்தார்.

"பொம்புளைகள்ட பக்கத்தையும் எடுக்கணும் புள்ள. ஆம்புளைகள் பாக்கப்போடா. எங்களுக்குள்ள வெச்சிக்குவம். எண்ட மகள்ட முகம் ஒரு இடத்துல இரிக்கணும்."

அக்காதான் எடுப்பார் என்று நான் நினைத்தேன். அக்கா கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் அடுத்த மாசம் கொழும்புக்குப் போறன். இந்தச் சின்னக் கமராவ உன்னட்ட விட்டிட்டுப் போகலாம் எண்டு யோசிக்கிறன். பொம்பிளையள் பக்கம் எடுக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமெண்டு கொழும்பிலயும் கேக்கிறாங்க. ஆனா முதல் இந்தக் கலியாணத்த நீ தனிய எடுக்க வேணும். அந்தத் தாய் பாத்திட்டு நல்லம் எண்டு சொன்னா, கமரா உன்னோட. சொல்லல்லியெண்டா என்னோட வரும்."

வீட்டில் சொன்னேன். உம்மாவுக்கு முதலில் அக்காவையே பிடித்திருக்கவில்லை. சண்டைக் காலம் முழுக்கப் பெருந்தெருவில் பஸ்ஸில் கடந்ததைத் தவிரக் காரைதீவோடு போக்குவரத்து இல்லாமலே பழகிவிட்டவர். ஆனால் அக்கா ஒரு நாள் வந்து உம்மாவின் மாசிச் சம்பலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதிலிருந்து அந்தப் பயம் போய்விட்டிருந்தது. இப்போது உம்மாவின் பயம் வேறு.

"எடுக்கிறத நீ எடுத்திருவாய். அந்த மனிசி ஒரு குறை சொன்னா ஊரே சொல்லும். மறுகா நான் தெருவுல தல காட்ட ஏலா."

இவரும் அதைத்தான் வேறு மாதிரிச் சொன்னார். "இந்த ஒண்டு சரிவந்தாத் தொடருங்க. வராட்டி விட்டிருவம். என்ன?"

ஓம் என்றேன். எல்லாம் சாச்சியின் வாயில் வரப்போகும் ஒரு சொல்லில் வந்து நின்றது. நான் எதையும் இந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை. ஆசைப்பட்டதை நினைத்துப் பயந்தும் போனேன்.

கலியாணத்தன்று காலையில் சாச்சி வீட்டில் பையைத் திறந்தால், வெள்ளை அட்டை இல்லை. வெள்ளை எது என்று கமராவுக்குத் தெரியாது, நாம்தான் காட்ட வேண்டும், அதற்கு அக்கா தந்த அட்டை. என் மகள் அதை எடுத்துச் சப்பிக் கூழாக்கிக் கட்டிலுக்கடியில் போட்டிருந்தது பிறகு வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. அக்காவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் அன்றைக்கு ஒலிப்பதிவு மட்டும்தான் செய்வேன், கமராப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். ளுஹர் தொழக் கொண்டுவந்த என்னுடைய தொழுகை உடுப்பு பையில் இருந்தது. உம்மா முதல் நாள்தான் தோய்த்து மடித்துத் தந்திருந்தார். அதைவிட வெள்ளை இந்த வீட்டில் எது இருக்கப் போகிறது. யன்னலடியில் பிடித்து, அதைக் காட்டிக் கமராவுக்கு வெள்ளையைச் சொல்லிக் கொடுத்தேன்.

பிறகு எனக்கு நேரம் தெரியவில்லை. பெண்ணுக்குப் பூ வைத்த கைகள், கண்ணாடிக்குள் தெரிந்த அவள் முகம், ஆலாத்தித் தட்டில் எரிந்த திரி, தட்டுகளைச் சுமந்துகொண்டு வரிசையாகப் போன கால்கள். மூச்சை விட்டு முடித்த பிறகு நகர வேண்டும், அப்போதுதான் படம் ஆடாது என்று அக்கா சொல்லியிருந்தார். நான் ஒருபோதும் அவ்வளவு ஒழுங்காக மூச்சு விட்டதில்லை.

கமரா போட்டோ கமரா மாதிரி இருந்ததால் ஒரு குழப்பம். நான் திருப்பியதும் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து அப்படியே நின்றுவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். அவர்களும் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒருவர் உதடு அசையாமல், "எடுத்தாச்சா" என்றார். பக்கத்தில் நின்றவரும் உதடு அசையாமல், "பொறு, இன்னும் வெளிச்சம் அடிக்கல்ல" என்றார். "இது வீடியோ, அசையலாம்" என்றேன். "மறுகா ஏன் முதலே சொல்லல்ல, கழுத்து நொந்து போச்சு" என்று எல்லாரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முழுவதும் படத்தில் விழுந்தது.

படத்தில் விழ விரும்பாதவர்களும் இருந்தார்கள். "என்ன எடுக்காத" என்று கையால் மறைத்தவர்களை எல்லாம் மனத்தில் குறித்துக்கொண்டேன். அது எங்கள் ஊர் மரியாதை. அதைக் காப்பேன் என்று நம்பித்தான் என்னை உள்ளே விட்டிருக்கிறார்கள். சாச்சி வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தபோது கமராவைத் திருப்பினேன்.

"சீ, என்னய எடுக்காத புள்ள. கிழவிய எடுத்து என்ன செய்யப் போறாய். பொண்ண எடு, போ."

உடனே லென்ஸைத் திருப்பினேன். அதற்குப் பிறகு சாச்சி வரும் பக்கமெல்லாம் கமராவை அங்கால் கொண்டுபோனேன். மாப்பிள்ளை உள்ளே வந்து தாலி கட்டியபோது பெண்கள் குரவையிட்டார்கள். சாச்சி பெண்ணுக்குப் பின்னால் நின்றார். நான் லென்ஸை விரித்துப் பெண்ணின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். பின்னால் இருந்தது எல்லாம் அழகாகக் கரைந்தது. நான் சரியாகச் செய்கிறேன் என்று எனக்கு அன்று ஒரு இடத்திலும் சந்தேகம் வரவில்லை. எனக்குச் சந்தேகம் வராத நாட்கள் மிகக் குறைவு.

அடுத்த நாள் பின்னேரம் காரைதீவில் அக்காவின் அறைக்குப் போனோம். இவர் கீழே அக்காவின் அண்ணனோடு நெல் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, நானும் பிள்ளையும் மேலே. அக்கா யன்னலை மூடிவிட்டு மடிக்கணினியில் போட்டார்.

எல்லாம் மஞ்சள். சுவர் மஞ்சள், பெண்ணின் வெள்ளைத் தலைத் துணி மஞ்சள், பற்கள்கூட மஞ்சள். கமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது வெயில் அன்றைக்கு நல்ல வெயில் என்று நினைத்திருந்தேன். அக்கா படத்தை நிறுத்தினார். கலியாணத்தை மறுபடி செய்யச் சொல்ல முடியாது.

"எதுல வெள்ளை எடுத்தாய்?"

அட்டையைப் பிள்ளை தின்றதைச் சொன்னேன். தொழுகை உடுப்பைச் சொன்னேன்.

"உம்மா உடுப்புத் தோச்சா நீலம் போடுவாவா?"

வெள்ளைத் துணிக்கு நீலம் போடாத வீடு எங்கள் பகுதியில் கிடையாது. "ஓம். கொஞ்சம் கூடவாத்தான் போடுவா."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கதிரையில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிள்ளையும் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

"நீலத்தக் காட்டி இதுதான் வெள்ளையெண்டு சொன்னா, கமரா அந்த நீலத்தக் கழிக்கும். கழிச்சா மிச்சம் மஞ்சள். முகத்தப் பொன்னாக்க வேணுமெண்டு இதையே தெரிஞ்சு செய்யிறவங்க இரிக்காங்க. அதுக்கெண்டு இள நீல அட்டை விக்கிறாங்க, என்ட பெட்டிக்குள்ளயும் ஒண்டு கிடக்கு. நீ உம்மாட வாளிக்குள்ள கண்டுபிடிச்சிட்டாய்."

"அப்ப பழுதில்லியா அக்கா?"

"யன்னல் பக்கத்துல எடுத்ததெல்லாம் கொஞ்சம் குறைச்சாச் சரி. இந்த உள்ளறைக்குள்ள எடுத்தது பழுதுதான், பார்."

உள்ளறையில் டியூப் லைட்டின் கீழ் எல்லாரும் மஞ்சட்காமாலை வந்தவர்கள்போல இருந்தார்கள். தாலி கட்டிய இடமும் அங்கேதான். இடம் மாறியதும் மறுபடி வெள்ளை காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வந்த பரபரப்பில் விட்டுவிட்டேன். அக்கா எழுந்து கதிரையை எனக்குத் தந்தார்.

"இரு. நீயே திருத்து. நான் சொல்லித்தாறன்."

அந்த வாரம் வேலை முடிந்ததும் நேரே அங்கே போனேன். நிறத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு கண் வேண்டும், அது எனக்கு அந்த அறையில்தான் திறந்தது. மஞ்சளைக் குறைத்தால் பெண்ணின் சாரிச் சிவப்பு செத்துப் போகும். சிவப்பைக் கூட்டினால் மாப்பிள்ளையின் காது எரியும். பச்சையை ஒரு சிட்டிகை எடுத்ததும் சட்டென்று தோல் உயிரோடு வந்தது. கறிக்கு உப்புப் பார்ப்பதுபோலத்தான், ஆனால் கண்ணால். தெருவில் நடக்கும்போது ஆட்களின் முகத்தில் எந்தப் பக்கத்து வெளிச்சம் விழுகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். பேப்பர்க்காரர் என்னைப் பார்த்து, "என்ன தங்கச்சி, ஏதும் சொல்லணுமா" என்று கேட்கும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன். கடைசி நாள் தாலி கட்டும் இடத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு அக்கா, "ம்" என்றார். அக்காவின் "ம்" பெரிய விஷயம்.

சாச்சி வீட்டில் போட்டுக் காட்டினோம். ஆண்கள் எல்லாரும் அஸர் தொழுகைக்குப் போன நேரம். கதவைச் சாத்தி, புது மாப்பிள்ளை கொண்டுவந்த டிவிக்கு முன்னால் பாய் விரித்து, சாச்சியும் மகளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் இருந்தார்கள். நான் டிவியைப் பார்க்கவில்லை, சாச்சியைத்தான் பார்த்தேன். பெண்கள் தங்களைக் கண்டு ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். கழுத்து நொந்த இடத்தில் வீடே சிரித்தது. பொன் நிறத்தைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. "புள்ள எப்பிடிச் செவந்து தெரியிறா" என்றார்கள்.

படம் முடிந்தது. சாச்சி வெறும் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"நான் எங்க புள்ள?"

"சாச்சி?"

"நான் ஒரு இடத்துலயும் இல்லியே."

"நீங்கதானே சாச்சி எடுக்க வேணாமெண்டு சொன்னீங்க."

"சொல்லத்தானே வேணும். அம்புட்டுப் பேர் நிக்கக்க என்னய எடு, என்னய எடுண்டா சொல்லுவாங்க? சோறு வெக்கக்கயும் வேணாம் வேணாமெண்டுதான் சொல்லுவம். அதுக்காக வெறுந்தட்டோட எழுப்பி உடுவியா?"

யாரும் சிரிக்கவில்லை. கடல் கொண்டுபோன படங்களை அங்கே யாரும் சொல்லிக் காட்டவும் இல்லை. மகள்தான் மெதுவாக, "எண்ட உம்மா இல்லாத கலியாணம் மாதிரிக் கிடக்கு" என்றாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். கமரா அவரோடு கொழும்புக்குப் போவது என் கண்ணுக்குத் தெரிந்தது. அக்கா, "இது நான் யோசிக்காத இடம் தங்கச்சி, நான் இந்த வீட்டு ஆள் இல்ல. நீதான் சொல்ல வேணும்" என்றார்.

அன்றைக்கு எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியாது. "சாச்சி, அந்தச் சாரிய உடுத்துக்கிட்டு வாங்க. மகளையும் வெளிக்கிடுத்துங்க. இப்பவே எடுப்பம்" என்றேன்.

"இப்பயா? கலியாணம் முடிஞ்சு போச்சே."

"படத்துல முடியல்ல."

வீடு மறுபடி கலியாண வீடானது. பாயைச் சுருட்டினார்கள், பூவுக்கு ஆள் ஓடியது. நான் யன்னலடியில் அக்கா பையிலிருந்து எடுத்துத் தந்த இள நீல அட்டையைக் காட்டி, அன்றைய பொன் நிறத்துக்கு வரும்வரை பார்த்தேன். கலியாணப் பெண்ணின் கையைப் பார்த்ததும் திக்கென்றது. மருதோண்டி மங்கிப் போயிருந்தது. அன்றைக்குக் கருஞ்சிவப்பு, இன்றைக்குத் தேயிலைச் சாயம். கையை முந்தானைக்குள் வைக்கச் சொன்னேன். அக்கா பின்னால் நின்று, "கவனிச்சிட்டாய், நான் சொல்லுவமெண்டு இருந்தன்" என்றார்.

சாச்சி மகளின் தலைத் துணியைச் சரி செய்தார். பூவை எடுத்து வைத்தார். பிறகு மகளை விட்டுவிட்டு நேரே லென்ஸுக்குள் பார்த்தார்.

"கமராவப் பாக்காதீங்க சாச்சி. மகளப் பாருங்க."

"ஏன் பாக்கப்போடா? நாளைக்கு எண்ட பேரப்புள்ள இதப் பாக்கக்க, நான் அங்கால பாத்துக்கிட்டு நிக்கிறதா?"

கமராவைப் பார்க்க விடக் கூடாது என்று அக்கா சொல்லித்தந்த பாடம் ஒன்று போனது. வளையத்தை மெல்லத் திருப்பி, பின்னால் நின்ற மகள் கரைய, சாச்சியின் முகத்தைத் தெளிவுக்குக் கொண்டுவந்தேன். கை ஆடவில்லை. சாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் எடுத்துக்கொண்டே இருந்தேன், அவர் போதும் என்று சொல்லும்வரை.

அதைத் தாலி கட்டும் இடத்துக்கு முன்னால் சேர்த்தேன். இரண்டு நாள் கழித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது சாச்சி அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். "நல்லம்" என்ற சொல் வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. அவர் முன்கதவைத் திறந்து, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். "இஞ்ச வாகா, என்னய வந்து பாரு."

அக்கா போகும்போது கமராவோடு புது வெள்ளை அட்டையும் நீல அட்டையும் தந்தார். "இதையும் மகள் தின்னாம வை" என்றார். பஸ் கிளம்பியதும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். நடக்கவில்லை, ஓடினேன். பெருந்தெருவில் ஒரு பிள்ளைக்குத் தாயானவள் ஓடுவதை ஆட்கள் பார்த்தார்கள்.

அடுத்த கலியாண வீடு வந்தபோது ஒரு முறையை வைத்துக்கொண்டேன். கலியாணத்துக்கு முதல் நாளே அந்த வீட்டுக்குப் போவது. கூட்டத்தில் யாரிடமும் கேட்பதில்லை. ஒவ்வொரு பெண்ணையும் தனியாக, குசினியிலோ கிணற்றடியிலோ பிடித்து, படத்தில் வர விருப்பமா என்று கேட்பது. உண்மையிலேயே விரும்பாதவர்கள் கண்ணைப் பார்த்து இல்லை என்றார்கள். அவர்களை நான் ஒருபோதும் எடுத்ததில்லை.

அந்த வீட்டில் பெண்ணின் பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். குனிந்து கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எடு. ஆனா நாளைக்கு நான் வேணாம் வேணாமெண்டு சத்தம் போடுவன். நீ உட்டுப் போடாத."

ஓம் என்று சொல்லிவிட்டு, பற்றரிகளைச் சார்ஜில் போட இடம் கேட்டேன்.